ஹேண்ட்பிரேக் பிடிக்காத காரும் என் புளியங்கட்டையும்

1

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது ஐந்து. நான் பெற்றது மூன்று, எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி ஒருவன், அப்புறம் ஒரு ஜீப்பு. ஜீப்பை எதற்குப் பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்கிறாள் இந்தக் கிழவி என்று சிரிக்காதீர்கள். சூடு ஏறினால் ஈரத்துணி போட்டிருக்கிறேன். அடம்பிடித்தால் பின்னால் போய்த் தள்ளியிருக்கிறேன். மழை வந்தால் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதற்குத்தான் தார்ப்பாய் போட்டேன். இதற்கு வேறு பேர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் எழுதுகிறாள். கள்ளக்குறிச்சியில் மூன்றாவது வரைக்கும் படித்துவிட்டு இங்கே வந்தவள், அதனால் எழுத்து மறக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேசுவது போல எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். நான் 'வூடு' என்றால் அவள் 'வீடு' என்று எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் ஒருத்தர் பேசினதைச் சொல்லும்போது பேசினபடியே எழுது, இல்லாவிட்டால் அது அந்த ஆளே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எதற்கு இதை எழுதச் சொன்னேன் என்றால், ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் ஒன்றே கேட்கிறார்கள். "இன்னா அஞ்சலக்கா, வெளிநாட்டுக்குப் பூட்ட. உம் புள்ள இன்னா காரு வச்சிருக்கான்?" களமருதூரிலிருந்து என் சித்தி மகள் கேட்டாள், கள்ளக்குறிச்சியில் பக்கத்து வீட்டில் இருந்தவள் கேட்டாள். உள்ளதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை. நான் மறைக்கிறேன், கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறேன் என்று நினைக்கிறார்கள். போன வாரம் அந்தக் காரால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய கூத்து நடந்து முடிந்தது. அதைச் சொன்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாகப் போகும்.

2

நாங்கள் இருக்கிற ஊருக்கு டனீடன் என்று பேர். நியூசிலாந்தின் தெற்குப் பக்கம். குளிர் ஜாஸ்தி, வெயில் கம்மி. கல்வராயன் மலைப் பாதையை அப்படியே தூக்கி வந்து, இரண்டு பக்கமும் வீடு கட்டி, நடுவில் தார் ஊற்றியது போல இருக்கும் தெருக்கள். என் கடைசிப் பிள்ளை பழனி இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறான். மருமகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எங்க வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு என்னையும் வரவழைத்துக்கொண்டார்கள். அதற்கு எத்தனை பேப்பர், எத்தனை ரத்தச் சோதனை! என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். மலைக்காற்று குடித்த நெஞ்சு, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காருக்கு வருகிறேன். கார் கயலை விட மூத்தது. ஜப்பான்காரன் ஆசை தீர ஓட்டிவிட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பி, இங்கே நாலைந்து கை மாறி எங்களிடம் வந்தது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் கதவைத் தூக்கினால் நிற்காது, விளக்குமாற்றுக் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கண்ணாடி இறங்காது. சாவி போட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள். நல்ல மரியாதை தெரிந்த கார், வரவேற்கிறது என்று நானும் தினம் "வரேன் வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கயல் போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள், ஏதோ அட்டை செருகவில்லை என்று அவள் திட்டிக்கொண்டிருக்கிறாளாம். பரவாயில்லை. நான் இன்னும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை.

ரேடியோவும் ஜப்பான் ரேடியோதான். இந்த ஊர் ஸ்டேஷன் ஒன்றே ஒன்றுதான் அதில் எடுக்கும். அதில் எந்நேரமும் குதிரைப் பந்தயம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் கயல் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். ஆனால் காலையில் காரில் ஏறிவிட்டால், பாட்டுக் கிடையாது. வளைந்து வளைந்து போகிற ரோட்டில் போனைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும், அதனால் போனும் கிடையாது. வேறு வழியில்லாமல் என்னோடு பேசுவாள். முதலில் மருமகளை முதியோர் இல்லத்தில் இறக்கி விடுவோம், அப்புறம் மேட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம். அரை மணி நேரம். அவள் சிநேகிதிகள் பேர், டீச்சர் நடை, யார் யாரோடு கா விட்டிருக்கிறார்கள், எல்லாம் எனக்கு அந்த அரை மணியில்தான் தெரியும். நான் ஊர்க்கதை சொல்வேன், அவள் ஸ்கூல் கதை சொல்வாள். இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற நேரம் அதுதான்.

சரி, பள்ளிக்கூடம் போகிற வண்டியில் கிழவிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருந்தது. காரின் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் கிழட்டு எஞ்சின், மேட்டில் மெல்ல நழுவும். பள்ளிக்கூட வாசல் நல்ல மேடு. கயலின் பையும் ஹாக்கி மட்டையும் பின்னால் இருக்கும். பழனி இறங்கிப் போய்ப் பின் கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்து எடுக்க வேண்டும். அவன் இறங்குவதற்கு முன்னால் நான் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போடுவேன். என் காலடியிலேயே அது இருக்கும். புளியங்கட்டை. அந்தக் கட்டைக்காகத்தான் முன் சீட்டு எனக்கு. மருமகள்கூடப் பின்னால்தான்.

3

அந்தக் கட்டை என் கைக்கு வந்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷத்தில்.

எங்க வீட்டுக்காரர், மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை மேல் இருக்கிற வெள்ளிமலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், சனம். இறங்கும்போது சாமை, கடுக்காய், மறுபடியும் சனம். என் தம்பி முருகேசன்தான் கிளீனர். மலை ரோட்டில் கிளீனர் என்றால் வண்டி துடைக்கிற வேலை இல்லை. ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டால், பின்னால் உருளுவதற்குள் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கட்டை தவறினால் வண்டி பள்ளத்தில்.

படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு எல்லாரும் ரோட்டில் இறங்கினார்கள். முருகேசனுக்கு அப்போது மீசை நன்றாக முளைத்திருந்தது. ஒரு காலை கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, நான் வண்டிக்கு வரல. உளுந்தூர்பேட்ட ரோட்டுக்கு மறியலுக்குப் போறேன்."

"அப்ப வண்டிக்குக் கட்ட போடறது யாருடா?"

"நாங்க ரோடே இல்லாம பண்ணப் போறோம், உனக்குக் கட்ட எதுக்கு மாமா?"

சொன்னபடியே செய்தார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மலைப்பக்கம் மட்டும் ரோடு திறந்திருந்தது. கச்சிராயபாளையம் கடையில் மிச்சம் இருந்த உப்பையும் மண்ணெண்ணெயையும் மேலே கொண்டுபோக எங்கள் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. அந்த நேரம் பார்த்து ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்துகொண்டது. புதுக் கேபிள் உளுந்தூர்பேட்டை லாரிப் பட்டறைப் பக்கம்தான் கிடைக்கும். நடுவில் என் தம்பி வெட்டிப் போட்ட மரம்.

அவர் ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அஞ்சல, நீ வா."

"நானா? பொம்பள கிளீனரானு சனம் சிரிக்கும்ங்க."

"சிரிச்சிட்டுப் போவட்டும். கட்ட போட்டா வண்டி நிக்கப்போவுது, போட்டது ஆம்பளயா பொம்பளயான்னு அதுக்குத் தெரியுமா? ஏறு."

ஏறினேன். கட்டை முருகேசன் எங்கேயோ வைத்துவிட்டுப் போயிருந்தான், என் மடியில் ஒரு கருங்கல். பாதி மலையில், ஒரு திருப்பத்தில், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பு சூடேறி வண்டி நின்றது. பின்னால் மூட்டைகள், மூட்டை மேல் சனம். "போடு!" என்று கத்தினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். சக்கரம் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கல்லைத் தள்ளிவிட்டுக் கையை இழுத்தேன். வண்டி கல் மேல் ஏறப் பார்த்தது, ஏறவில்லை, நின்றது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அப்புறம்தான் மூச்சு விட்டார்கள். பம்பு மேல் ஈரத்துணி போட்டு ஆற வைத்துவிட்டு மறுபடி ஏறினோம்.

வெள்ளிமலையில் இறங்கியபோது ஒரு மலைக்காரப் பெண் என் கையிலிருந்த கல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உன் வூட்டுக்காரரு உன்னக் கட்டிக்கினதே சக்கரத்துக்குக் கல்லு வக்கத்தானா?"

"ஆமா. நான் கல்லு வக்கலன்னா நீ உப்பில்லாம கஞ்சி குடிக்கணும்" என்றேன். அதற்கு அவள் இன்னும் ஜாஸ்தி சிரித்தாள். சாமைச் சோறு போட்டாள்.

மறியல் முடிந்து முருகேசன் வந்தான். முகம் கறுத்து, காலில் வெட்டுக்காயத்தோடு. மாமா திட்டுவார் என்று உள்ளே வராமல் கொல்லைப் பக்கமே நின்றான். கோடாலியால் முக்கோணமாகச் செதுக்கின புளியங்கட்டை ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இத மாமாகிட்ட குடு."

"இன்னாடா இது?"

"ரோட்டயே நிறுத்துன மரம்க்கா. ஒரு ஜீப்ப நிறுத்தாதா?"

அவர் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே முருகேசன் வண்டியில் ஏறிக்கொண்டான். ஆனால் கட்டை போடுகிற வேலையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சந்தை நாளில் எல்லாம் நானும் ஏறினேன்.

அந்த மரங்களைப் பற்றி எனக்கு இன்னும் மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. நிழலுக்கு நின்ற மரம். அதற்கு அந்தாண்ட ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் நின்றவர்களும் சனம்தான். ஆனால் பின்னாளில் பழனிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது அந்தப் பங்கில்தான். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் அவன் இம்மாந்தூரம் வந்திருக்க மாட்டான், நானும் வந்திருக்க மாட்டேன். யார் வந்து கேட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

4

ஜீப்பை விற்றாகிவிட்டது. கட்டையை நான் விற்கவில்லை. இங்கே வரும்போது புடவைக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தேன். இந்த நாட்டில் மண், விதை, மரம் எதைக் கொண்டுவந்தாலும் சொல்லியாக வேண்டும் என்று பழனி மிரட்டியிருந்ததால், ஏர்போர்ட்டில் நானே எடுத்து மேசை மேல் வைத்தேன். ஊறுகாயைக்கூட மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டார்கள். கட்டையைப் பார்த்ததும் ஒரு பெண்ணும் ஆணுமாக இரண்டு அதிகாரிகள் கூடிவிட்டார்கள். எஞ்சின் ஆயில் குடித்துக் கறுத்துப்போய் இருந்ததா, என்னவோ என்று மோந்து பார்த்தார்கள். பழனி அழைத்துப்போக வந்தவன் வெளியே நிற்கிறான். எனக்கோ அவர்கள் பாஷை தெரியாது.

பக்கத்தில் சாய்வாக ஒரு வழி இருந்தது. பெட்டி வைத்த தள்ளுவண்டியை அதில் ஏற்றி, கையை விட்டேன். அது பின்னால் உருண்டது. குனிந்து கட்டையைப் போட்டேன். நின்றது. நிமிர்ந்து அந்த அதிகாரிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கை தட்டினாள்.

ஆனாலும் சட்டம் சட்டம்தானாம். பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, மருந்து போட்டு, பிற்பாடு தபாலில் அனுப்பி வைத்தார்கள். அவர்கள் ஒட்டின சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. என்னையும் சோதித்தார்கள், கட்டையையும் சோதித்தார்கள், இரண்டும் பாஸ்.

5

பாஸாகாமல் போனது கார்தான்.

இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம் ஊரில் ஜீப்புக்கு எஃப்.சி. காட்டுவோமே, அது மாதிரி. பாஸானால் முன் கண்ணாடியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் சரிபண்ணக் கொண்டுபோவதைத் தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. அன்றைக்கு மழை. என்னை வீட்டில் விட நேரமில்லாமல் பழனி என்னையும் கூட்டிக்கொண்டே போனான். பட்டறை வாசல் கொஞ்சம் மேடு. அவன் சாவியைக் கொடுக்க உள்ளே போனான்.

வண்டி மேட்டில் நிற்கிறது, டிரைவர் இறங்கிவிட்டான். நான் என்ன செய்வேன்? இறங்கிக் கட்டை போட்டேன்.

சோதிக்கிற ஆள் வெளியே வந்தான். செம்பட்டைத் தாடி, கையில் டார்ச். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கட்டையைப் பார்த்தான். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தான். பழனியிடம் ஏதோ கேட்டான். பழனி சிரித்து மழுப்பினான். அந்த ஆளும் சிரித்தான். சிரித்துக்கொண்டே காரை உள்ளே ஏற்றி, மற்றது எதையும் தொடுவதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக்கைத்தான் இழுத்துப் பார்த்தான்.

பழனி பெயில் பேப்பரோடு காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் வந்துதான் வெடித்தான். "போன தபா பாஸாச்சும்மா. உன் கட்டயப் பாத்துட்டுத்தான் அவன் நோண்ட ஆரம்பிச்சான்."

"நோண்டலன்னா சீக்கு இல்லன்னு ஆயிடுமாடா?"

"உன்ன யாரு எறங்கச் சொன்னாங்க?"

"உங்கப்பா சொன்னாரு."

அவன் அந்தப் பேப்பரை எடுத்து விரித்தான்.

கேபிள் இரண்டும் துருப்பிடித்துவிட்டது, பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, பட்டறையில் மாற்றினால் கார் வாங்கின காசில் பாதி ஆகும் என்றான். இந்தக் கிழட்டு வண்டிக்கு அவ்வளவு போடுவதா? ராத்திரிச் சாப்பாட்டின்போது கணக்கை முடித்துவிட்டான். காரைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவது. அவனுக்கு பஸ் இலவசம். மருமகளுக்கு வழியில் கூட்டிப்போக ஒரு சிநேகிதி. கயலுக்கு ஸ்கூல் பஸ்.

"ஸ்கூல் பஸ்ஸா? சூப்பர்" என்றாள் கயல். பஸ்ஸில் குமட்டாதா என்று நான் கேட்கவில்லை. குமட்டாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டு போவாள். அவர்கள் கணக்கில் எல்லாருக்கும் ஒரு வழி இருந்தது. காலை அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ஒன்று இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாது.

நான் தட்டில் கை கழுவிவிட்டுச் சொன்னேன். "உங்கப்பா ஒரு நாள்கூடப் பட்டறைல உட்டது கெடயாது. நீ பாலிடெக்னிக் படிச்சவன். ஒரு கேபிளு மாத்தத் தெரியாதா?"

"பார்ட்டு எங்கம்மா கெடைக்கும்?"

"செத்த வண்டி எங்க கெடக்குதோ அங்க."

6

இங்கே செத்த கார்களை வரிசையாக நிறுத்திவைத்த பெரிய காடு ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. சக்கரம் இல்லாமல், முட்டு மேல், நூற்றுக்கணக்கில். வாசலில் ஒரு சின்னக் காசு கட்டிவிட்டு நம் ஸ்பானரோடு உள்ளே போக வேண்டியது, வேண்டியதை நாமே கழற்றிக்கொள்ள வேண்டியது. உளுந்தூர்பேட்டையில்கூட இவ்வளவு வண்டியை நான் மொத்தமாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை, கயலின் தமிழ் வகுப்பு முடிந்ததும் பஸ்ஸில் போனோம். தனியாக வீட்டில் விட முடியாது என்று கயலையும் இழுத்துக்கொண்டு வந்தான். அவள் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் கிளாஸ் பசங்க யாராவது பாத்தா?"

"அவங்களும் பார்ட்டு கழட்டத்தான் வந்திருப்பாங்க" என்றேன்.

எங்கள் கார் மாதிரியே ஒன்றை, நீலத்தில், அவள்தான் கண்டுபிடித்தாள். பின் சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பழனி அடியில் படுத்தான். கயல் போனில் வீடியோ பார்த்து, வெள்ளைக்காரன் சொல்வதைத் தமிழில் அவனுக்குச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அதற்கெல்லாம் வார்த்தை இல்லை. "அப்பா, அந்தக் கொக்கிக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கொக்கி. அதை மேல தூக்கு. இல்லப்பா, அது வேற கொக்கி!"

"எத்தன கொக்கிடி இருக்குது?"

"வீடியோல ஒண்ணுதான் இருக்கு. உனக்குத்தான் நாலு வருது."

நான் செங்கல் மேல் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிரேக் ஷூவும் ஒரு கேபிளும் கழன்ற பிறகு, இன்னொரு கேபிள் பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்தது, துருவே இல்லாமல். பழனி அதை என் கையில் கொடுத்தான்.

வாங்கின உடனே எனக்கு உறைத்தது. இது நன்றாகப் பிடித்தால் கட்டை வேண்டாம். கட்டை வேண்டாம் என்றால் முன் சீட்டில் எனக்கு வேலை இல்லை. காரை இரும்புக்குப் போட்டாலும் அந்த அரை மணி போகிறது, சரிபண்ணினாலும் போகிறது. இத்தனை நாள் அந்த நொண்டிப் பிரேக் தயவில்தான் நான் அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இது ஒத்துவராதுடா" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நல்ல கேபிள். முந்தானையில் துடைத்துப் பையில் போட்டேன்.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கும்போது முன் சக்கரத்துக்கு நான்தான் கட்டை போட்டேன். பழனி மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே செங்குத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். நான் கட்டையோடு தயாராக நின்றேன். "வோணாம்மா, பாரு" என்றான். பார்த்தேன். ஒரு விரல் அளவுகூட அசையவில்லை.

செம்பட்டைத் தாடிக்காரன் சீட்டு ஒட்டிக் கொடுத்தான். அன்றைக்கு நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். கிழவி எங்கே என்று கேட்டானாம்.

7

மறுநாள் காலையில் நான் ஷூ மாட்டவில்லை. சமையல்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவசரத்தில் வெளியே போனார்கள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜப்பான்காரி திட்டுகிற சத்தம் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. வண்டி கிளம்பிவிடும் என்று காத்திருந்தேன், கிளம்பவில்லை. ஹாரன் அடித்தது. யாரையோ அடிக்கிறான் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது.

கயல் உள்ளே வந்தாள், ஒரு கையில் ரொட்டி. "இன்னா ஆயா, இன்னும் ரெடியாவல?"

"நான் எதுக்கு? பிரேக்குதான் நல்லா புடிக்குதே."

அவள் என்னைப் பார்த்த பார்வை, எங்க வீட்டுக்காரர் ஜீப்பு நின்றுபோனால் பார்ப்பாரே, அதே பார்வை. வாசலுக்குப் போய் என் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் போட்டாள்.

"நீ வரலன்னா அப்பா வழி பூரா மார்க்கு மார்க்குன்னு என் உசுர எடுப்பாரு. ஏறு, லேட் ஆவுது."

"நான் வந்தா மட்டும் கேக்க மாட்டானா?"

"நீதான் அவர பேசவே உட மாட்டியே." ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, என் ஷூ நாடாவை அவளே கட்டினாள். ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டாள், அப்படியே நடந்தேன்.

முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. மருமகள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை. மேட்டைச் சுற்றும்போது கயல் பின்னாலிருந்து ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த வருஷம் வந்த புது டீச்சர், பேசும்போது மூக்கை இப்படி இப்படிப் பண்ணுவாளாம். நான் திரும்பிப் பார்த்தேன். பண்ணிக் காட்டினாள்.

எங்கள் பிள்ளை வைத்திருக்கிற கார் இதுதான். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

போதும் கயலு, பேனாவ வை. மொதல்லருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி, உங்கப்பன் பஸ்ஸு ஓட்டறாப்பல எல்லா எடத்துலயும் நின்னு நின்னு படி. ஷூ நாடா கட்டுன எடத்த நீ உட்டுட்டு எழுதியிருப்ப, எனக்குத் தெரியும். படி, கேக்கறேன்.